பெங்களூர் போய் வந்த களைப்பு

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாங்கள் மூவரும் ஆம்பூர்க்காரர்கள். சனிக்கிழமை பெங்களூருக்குக் கிளம்பும்போது, ஊரின் தோல் பதனிடும் ஆலைகளின் வாடை அங்கே யாருக்கும் தெரியக்கூடாதென்று சட்டை முழுக்க அத்தர் பூசிக்கொண்டோம்.

இரண்டு நாளும் ஊர்சுற்றியதில் கால் ஓய்ந்துவிட்டது. ஞாயிறு மாலை ரயிலில் ஏறியதும் சலீம் கண்ணை மூடிக்கொண்டே சொன்னான்: "நீ மட்டும் தூங்காத தோஸ்த். ஆம்பூரைத் தாண்டிட்டா பேஜாராய்டும். காலையில பரீட்சை."

தலையாட்டிய நானும் தூங்கிப்போனேன்.

ஏதோ உலுக்கியதுபோல விழித்தேன். எதிரில் இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். "இன்னா நாத்தம்! ஜன்னலைச் சாத்துங்க."

என்னை எழுப்பியது அந்த நாற்றம்தான்.

"ஏந்திருங்கடா, ஊரு வந்துட்ச்சி!" என்று கத்தினேன். அந்த அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். அடித்துப்பிடித்து இறங்கினோம்.

அதன்பிறகு எந்த ஊருக்குப் போனாலும் நான் அத்தர் பூசிக்கொண்டதில்லை.