தனித்தாளில் ஒரு கோடு

காலை ஐந்து பத்து. திருவொற்றியூரில் மாமா வீட்டு வாசலில் கார் நின்றிருந்தது. முதலில் கண்ணில் பட்டது டாஷ்போர்டின் மேல் கிடந்த பிளாஸ்டிக் உறை. உள்ளே பழுப்பேறிய ஒரு தாள். அதில் ஒரு கார் எண், அதற்கு நேராக ஒரே ஒரு பென்சில் கோடு. சென்ற ஆண்டு தை மாதத்தில் நாங்கள் கோயம்புத்தூருக்குக் கிளம்பிய காலை அது.

மாமா என் அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது அவர் வேலை. நான்கு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார். கிழிந்த மூட்டை வந்தால் அந்த வரிசையில் சேர்க்கக் கூடாது, தனித்தாளில் குறிக்க வேண்டும். ஷிப்ட் முடியும்போது இரண்டு தாளையும் கூட்டினால்தான் கணக்கு சரியாகும். எண்ணிக்கையில் பிசகாத ஆள் என்பதால், சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த காலத்தில், சுற்றுகளை எண்ண அவரைக் கூப்பிடுவார்கள். ஆளுக்கு ஒரு கார். சம்பளம் கிடையாது, தொப்பியும் பிரியாணிப் பொட்டலமும் உண்டு.

ஒருமுறை அவருக்குக் கொடுத்த கார், ராயபுரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மெக்கானிக்கினுடையது. மெக்கானிக் அவருடைய பள்ளிக்கூடத்து தோஸ்து. அதை மாமா யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பந்தயத்தில்தான் அந்தப் பென்சில் கோடு விழுந்தது. மெக்கானிக் அதோடு பந்தயத்தை விட்டார். சில மாதங்களில் காரை விற்றுவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போனார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இப்போது அங்கே பழைய பந்தயக் கார்களை மறுபடி ஓடவிடப் போகிறார்கள், அவர் கட்டிய காரும் ஓடுகிறது, அவரும் வருவார் என்று செய்தி கிடைத்தது. பழைய காரில் வருபவர்களுக்கு மட்டும் கார்கள் நிற்கும் உள்வளாகம்வரை அனுமதி. அதனால்தான் மாமாவின் பழைய கார். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் ஓட்டுவதில்லை, நான் ஓட்டினேன்.

“போன்லயே சொல்லிடலாமே மாமா?” என்று கேட்டேன்.

“இத்தினி வருசத்து கலீஜ போன்ல கழுவ முடியுமா பாப்பா? வண்டிய எடு.”

கண்டெய்னர் லாரிகளின் வரிசையைத் தாண்டி ராயபுரம் வர முக்கால் மணி நேரம் ஆனது. ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடிக் குடியிருப்பு. மாமா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்து, பானெட் இடுக்கில் ஆவி கிளம்பியது. வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் பேருந்தில் போகலாம் என்றேன். “பஸ்ஸுல போனா கேட்டாண்டயே நிறுத்திடுவான். தண்ணி ஊத்து, ஆறட்டும்” என்றார். புளியமர நிழலில் அரை மணி நேரம் நின்றோம். அங்கேதான் முழுக் கதையையும் சொன்னார்.

பதினோராவது சுற்றில் மெக்கானிக்கின் கார் பானெட் பிய்ந்து எழும்ப, முன்கண்ணாடி மறைந்து, மனிதர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஓட்டியபடி எல்லைக் கோட்டைக் கடந்திருக்கிறார். பிறகு நிறுத்தி, கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு மறுபடி ஓட்டினார். உடைந்துபோய் வந்த வண்டி. மாமாவின் கை பழக்கத்தில் அந்தச் சுற்றைத் தனித்தாளில் போட்டுவிட்டது. பந்தயம் முடிந்ததும் முதல் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். இருபது சுற்று ஓடிய காருக்குப் பத்தொன்பது. முதலில் வந்தவர் இரண்டாவதானார்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“தோஸ்துக்காக கோடு சேக்குறான்னு சொல்லுவானுங்களேன்னு பயந்துகினேன். மறுநாளு சொல்லிக்கலாம்னு உட்டேன். அப்புறம் அதுக்கும் மறுநாளு.”

மேலும் மூன்று முறை நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, இருட்டும் நேரத்தில் கோயம்புத்தூர் சேர்ந்தோம். மறுநாள் காலை, உள்வளாகத்தில், பச்சை வண்ணம் பூசிய ஒரு சிறிய காரின் அருகே மடக்கு நாற்காலியில் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். மாமாவைப் பார்த்ததும், “இன்னாடா, இன்னும் உசுரோட கீறியா?” என்றார். இத்தனை ஆண்டு கோவை அவர் பேச்சைத் தொடவே இல்லை.

மாமா உறையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். மெக்கானிக் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பின்னால் ஏதோ ஒரு இன்ஜின் உறுமி அடங்கியது.

“பானெட்டு தூக்கிச்சே, அந்த ரவுண்டா?”

“ஆமா.”

“எத்தினி சுத்து சுத்தினேன்னு ஓட்டினவனுக்குத் தெரியாதா? எண்ணினது நீதான்னும் தெரியும். நீ வந்து சொல்லுவன்னு ஒரு வாரம் கடைய சாத்தாம குந்திகினு இருந்தேன்டா.”

மாமா நின்றபடியே இருந்தார். மெக்கானிக் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். காலால் இன்னொரு நாற்காலியைத் தள்ளிவிட்டார். “குந்து. என் வண்டி ஓடப்போவுது. இன்னிக்காவது ஒழுங்கா எண்ணு.”

எட்டுச் சுற்று. மாமா என் குறிப்பேட்டை வாங்கிக் கோடு போட்டார். ஒலிபெருக்கியும் எட்டு என்றது. அவர் குறிப்பேட்டை மெக்கானிக்கிடம் காட்டினார். மெக்கானிக் தன் விரல்களைக் காட்டினார். அவரும் எண்ணியிருந்தார்.

திரும்பி வந்ததும் மாமா அந்தப் பழைய பந்தயத்தை நடத்திய சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். மூன்று முறை எழுதினார். பதிவேட்டைத் திருத்த வேண்டுமானால் மூலத்தாளைக் கொண்டு வாருங்கள் என்று பதில் வந்தது. மெக்கானிக்கிடம் போனில் கேட்டேன். “கூரியர்லாம் ஆவாது. வோணும்னா ஒன் மாமன வந்து வாங்கிக்கச் சொல்லு” என்றார்.

இன்று காலை மாமா வீட்டுக்குப் போனேன். பிளாஸ்டிக் உறை காலியாக டாஷ்போர்டின் மேலேயே கிடக்கிறது. போன வாரம் ரேடியேட்டரை மாற்றியிருக்கிறார்.