பெருமாள்மலை இறக்கத்தில் ஒரு டர்போ கிட்

பக்கத்து சீட்டில் உட்காரப் பயப்படும் மெக்கானிக் நான். வத்தலக்குண்டில் ஒர்க்‌ஷாப் போடுவதற்கு முன்பு கோயம்புத்தூரில் ரேஸ் டீம்களுக்கு இன்ஜின் கட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டுகிறவன் பயப்படட்டும், நமக்கென்ன என்றுதான் அங்கே இருந்தேன். பயம் எனக்கு வந்தது ஊர் திரும்பிய பிறகு, ஒரு டர்போ கிட்டால். ஸ்போர்ட்ஸ் காருக்கு டர்போ போட வேண்டும் என்று இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். அதை மாட்டக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளும் பெருகிவிட்டார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1. எஸ்டிமேட்

பூர்ணிமா கொடைக்கானலுக்குப் பக்கத்திலுள்ள வில்பட்டிக்காரர். பூண்டும் கேரட்டும் போடுகிற குடும்பம். மூட்டைகளைப் பிக்கப்பில் ஏற்றி மார்க்கெட்டுக்கு ஓட்டிப் போவது அவர் வேலை. தோட்டத்தையும் வரவு செலவையும் பார்ப்பது கணவர் ஜெயராமன். பூண்டு நல்ல விலைக்குப் போன ஒரு வருடம், பூர்ணிமா தன் பங்கில் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிவிட்டார். இரண்டு கதவு, ரியர் வீல் டிரைவ், நன்றாகப் பராமரித்த வண்டி. இருவரும் அதில்தான் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்கள்.

"கீழ ஓட்டுனா பறக்குதுண்ணே. கொடைக்கானல் ஏறுனா மூச்சு வாங்குது. டர்போ போட்டா சரியாயிடுமா?" என்று கேட்டார் பூர்ணிமா.

சரியான கேள்வி. மேலே காற்று மெலிது. இன்ஜினுக்கு அது போதாது. காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதுதான் டர்போவின் வேலை. பெரிய டர்போ போட்டால் நேர் ரோட்டில் பேய் மாதிரி இழுக்கும், ஆனால் வளைவிலிருந்து வெளியே வரும்போது தூங்கி எழுந்துதான் வேலை செய்யும். கொண்டை ஊசி வளைவில் ஓட்டுகிறவருக்குச் சின்ன டர்போ போதும், உடனே இழுக்கும். இதைச் சொல்லி எஸ்டிமேட் எழுதினேன். டர்போ, மேனிஃபோல்டு, இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டருக்கு ட்யூனிங், கிளட்ச். பிறகு முன் பிரேக் டிஸ்க், பேட், டயர். கடைசியில் லேபர். மொத்தத்தில் பாதிகூட டர்போவுக்கு வரவில்லை.

ஜெயராமன் படித்துவிட்டுச் சிரித்தார். "காய்ச்சல்னு டாக்டர்ட்ட போனா கண்ணுக்கும் பல்லுக்கும் சேத்து எழுதுன மாதிரியில்ல இருக்கு. லேபரே இம்புட்டா?"

போனை நீட்டினார். மொத்த கிட்டும் ஒரே பெட்டியில், நான் எழுதியதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு. "இதுல எல்லாமே இருக்குங்க. மாட்டித் தாங்க போதும்."

"எல்லாம் இருக்குங்க. உங்க வண்டிக்கு எது சேரும்னு அந்தப் பெட்டிக்குத் தெரியாது. நான் மாட்ட மாட்டேன்."

முகம் கோணாமல்தான் போனார்கள். பூர்ணிமா மட்டும் வண்டியில் ஏறும்போது திரும்பி என்னைப் பார்த்தார்.

2. போன்

மழை தொடங்கிய பிறகு பூர்ணிமாவிடமிருந்து போன் வந்தது.

"அந்தக் கிட்டை வேற எடத்துல மாட்டிட்டோம்ணே. வண்டி நல்லா இழுக்குது. ஆனா பிரேக் பெடல் சில நேரம் கட்டையாட்டம் கெடக்கு. ஒரு நிமிசத்துல தன்னால சரியாயிடுது."

"வீட்டுக்காரர்ட்ட சொன்னீங்களா?"

"சொன்னா சாவியப் புடுங்கி வச்சுக்குவாரு. நீங்க பாத்துச் சொல்லுங்க, பொறவு நானே சொல்லிக்கிறேன்."

மறுநாள் காலை பஸ் பிடித்து, கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலையில் இறங்கினேன். டீக்கடைக்கு எதிரே வண்டியோடு நின்றிருந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தேன். பிரேக் ஆயில் நிறைந்திருந்தது. பேடில் தேய்மானம் இல்லை. இன்ஜினை ஓடவிட்டு மிதித்தால் பெடல் ஒழுங்காக இறங்கியது. டர்போவின் பைப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்ததால் அதற்கு அடியில் எதுவும் தெரியவில்லை. என் லிஃப்டில் ஏற்றிக் கழற்றினால்தான் தெரியும்.

"செகண்ட் கியர்லயே எறங்குவோம்மா. ஆக்சிலேட்டரத் தொட வேணாம். டர்போ சத்தமே கேக்கக் கூடாது."

"சரிண்ணே."

3. இறக்கம்

முதல் சில வளைவுகளில் எதுவும் நடக்கவில்லை. பனி ரோட்டின் மேல் படுத்திருந்தது. இடது பக்கம் மலை, வலது பக்கம் முழங்கால் உயரத் தடுப்புச் சுவர், அதற்கு அப்பால் வெள்ளை. பூர்ணிமா நிதானமாக ஓட்டினார். நான் பேசிக்கொண்டே வந்தேன்.

ஓரிடத்தில் ரோடு லேசாக மேடேறும். பின்னால் வந்த வேன் ஹாரனை விடாமல் அடித்தது. மேடேற பூர்ணிமா ஆக்சிலேட்டரை மிதித்தார். டர்போ விசிலடித்தது. பானெட்டுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம்.

அவர் காலை எடுத்துவிட்டார். இன்ஜின் அடங்கவில்லை, யாரோ மிதித்துப் பிடித்திருப்பது போல இரைந்துகொண்டே இருந்தது. மேடு முடிந்து ரோடு சரியத் தொடங்கியது. எதிரே வளைவு.

"அண்ணே, பெடல் எறங்கல."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். பெடல் கட்டையானால் என்ன செய்ய வேண்டும் என்று எத்தனையோ டிரைவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அதில் ஒரு சொல்கூட நாக்குக்கு வரவில்லை. கை மட்டும் தானாகப் போய் ஹேண்ட் பிரேக்கை ஒரே இழுப்பாக இழுத்தது. ஈர ரோடு. பின் வீல் பூட்டிக்கொண்டு, வண்டியின் வால் இடது பக்கம் வழுக்கியது. தடுப்புச் சுவர் என் கண்ணெதிரே திரும்பி வந்தது. சுவரின் மேல் பாசி படிந்திருந்தது தெரிந்தது.

"விடுங்கண்ணே! விடுங்க!"

விட்டேன். வால் நேரானது. அப்போதுதான் வளைவுக்கு அந்தப் பக்கம் மேலேறி வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

பூர்ணிமா சீட்டில் முதுகை அழுத்தி, இடுப்பைத் தூக்கி, இரண்டு காலாலும் பெடலின் மேல் ஏறி நின்றார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முனகல். வண்டி வேகம் குறைந்ததா என்றே எனக்குத் தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து பஸ்ஸின் மஞ்சள் விளக்கு இரண்டும் வெளியே வந்தன. அவர் ஸ்டியரிங்கை இடது பக்கம், மலையைப் பார்த்து ஒடித்தார். மலையோர மழைநீர் ஓடையில் வீல் இறங்கியது. மண் சரிவு என் கதவை உரசிக்கொண்டே வந்தது, கண்ணாடி தெறித்தது. இன்ஜின் உதறி நின்றது.

பஸ் எங்களுக்குக் கை நீட்டும் தூரத்தில் நின்றிருந்தது. கண்டக்டர் குதித்து ஓடி வந்தார். "யாருக்கும் ஒண்ணும் ஆகலியே? டயருக்குக் கல்லு வைங்கப்பா, வெரசா!"

என் பக்கக் கதவு மண்ணோடு ஒட்டிக்கிடந்தது. டிரைவர் பக்கமாகத் தவழ்ந்து இறங்கினேன். பூர்ணிமா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, முழங்கால்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பாட்ட ஒரு பழைய ஜீப்பு இருந்துச்சுண்ணே. அதுல பிரேக்கு எப்பவுமே இப்படித்தான். ஏறி நின்னாத்தான் நிக்கும். அது காலுக்கு ஞாபகம் வந்திருச்சு."

4. வால்வு

ஜெயராமன் பிக்கப்பில் வந்து சேர்ந்தார். முதலில் மனைவியைப் பார்த்தார். பிறகு ரோட்டில் தடுப்புச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பியிருந்த டயர் தடத்தைப் பார்த்தார். அதன் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். சண்டை போடுவார் என்று நினைத்தேன்.

வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து அவர் முன்னால்தான் கழற்றினேன். நாம் பெடலை மிதிக்கும் பலம் கொஞ்சம். மீதியைத் தருவது பிரேக் பூஸ்டர் என்கிற டப்பா. இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது, ஒரு ரப்பர் ஓஸ் வழியாக அந்த டப்பாவுக்கு வேக்குவம் போகும். காற்று திரும்பி வராமலிருக்க ஓஸுக்குள் ஒரு சின்ன வால்வு உண்டு. டர்போவின் காற்றழுத்தம் காட்டும் மீட்டருக்கு ஒரு இணைப்பு வேண்டும் என்று, மாட்டியவர் அந்த ஓஸை வெட்டியிருக்கிறார். வெட்டிய துண்டோடு வால்வும் குப்பைக்குப் போய்விட்டது. நடுவில் கிளிப் போடாமல் ஒரு பிளாஸ்டிக் இணைப்பு. டர்போ இழுக்கும்போதெல்லாம் காற்று பூஸ்டருக்குள் போய்ப் பெடலைக் கட்டையாக்கியது. அன்று இணைப்பே பிடுங்கிக்கொண்டது. அந்த ஓட்டை வழியாகக் காற்றைக் குடித்துத்தான் இன்ஜினும் இரைந்தது.

ஜெயராமன் மெதுவாகக் கேட்டார்: "இந்த வால்வு நீங்க அன்னைக்கு எழுதுன எஸ்டிமேட்ல இருந்துச்சாங்க?"

"இல்லைங்க. இது வண்டியோட வந்தது. வாங்க வேண்டிய சோலியே இல்ல. வெட்டாம இருந்தாப் போதும்."

"அப்ப எதுல மிச்சம் புடிச்சேன் நான்?"

"லேபர்ல."

அவர் அந்த வெட்டிய ஓஸை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கிட்டைக் கழற்றி வண்டியைப் பழையபடி ஆக்கினோம். முதலில் பிரேக்கும் டயரும் மட்டும் மாற்றினோம். அடுத்த பூண்டு வெள்ளாமை முடிந்ததும் சின்ன டர்போ வாங்கினோம். மாட்ட எத்தனை நாள் ஆகும் என்று ஜெயராமன் கேட்டார். எவ்வளவு ஆகும் என்று கேட்கவில்லை. ஒவ்வொரு ஓஸும் எங்கிருந்து எங்கே போகிறது என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் பானெட்டை மூடினேன்.

டெலிவரி அன்று பூர்ணிமா சாவியை வாங்கிக்கொண்டு, "வர்றீங்களாண்ணே?" என்று கேட்டார். மாட்டேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். நான் உட்காரப் பயப்படுகிற வண்டியில் அவர் மட்டும் எப்படிப் போவார்? ஏறி உட்கார்ந்தேன். மலை ஏறும்போதும் இறங்கும்போதும் கைப்பிடியை விடவில்லை. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன்.

டர்போ மாட்டப்போகும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பிரேக்கைப் பற்றிப் புகார் வந்த வண்டி உங்களிடம் ஓடி வரக் கூடாது. லாரியில் ஏறித்தான் வர வேண்டும். பட்ஜெட் போட உட்கார்ந்தால் கிட்டின் விலையைக் கடைசியாகக் கேளுங்கள். எஸ்டிமேட்டைக் குறைக்கச் சொன்னால் டர்போவைச் சின்னதாக்குங்கள், வேலை செய்யும் நாளைக் குறைக்காதீர்கள். மாட்டிய வண்டியில் நீங்களே ஒரு முறை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மலை இறங்குங்கள். பயமாகத்தான் இருக்கும். எனக்கு இன்னும் இருக்கிறது.