ஸ்வராஜ்யம் அக்காவின் ஒற்றைக் கோடு

எங்கள் ஹைதராபாத் ஆய்வகத்தில் ஸ்வராஜ்யம் அக்காவின் கோங்குரா ஊறுகாயை யார் வேண்டுமானாலும் எடுத்துச் சாப்பிடலாம். அவருடைய ஆன்டிபாடிக் குப்பியை மட்டும் தொடக்கூடாது. அதன் மூடிக்கு ஆயுதபூஜையன்று குங்குமம்கூட வைத்திருந்தார்.

கிருமியைக் கண்டதும் வெள்ளை அணுக்கள் துணைக்கு ஆள் கூப்பிடச் சுரக்கிற ஒரு புரதம்தான் அக்காவின் ஆராய்ச்சி. செல்களை அரைத்த சாற்றில் அந்தப் புரதத்தைத் தேடிப் பிடித்து, தாளில் கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுப்பது ஆன்டிபாடியின் வேலை. அதே புரதத்தை வேறு குப்பிகளால் தேடும் எங்கள் தாள்களில் நாலைந்து கோடுகள் அப்பிக் கிடக்கும். அக்காவுக்கு ஒரே கோடு, மை தீட்டிய புருவம் மாதிரி. கூரியர்காரருக்குக்கூட அதைக் காட்டாமல் விடமாட்டார்.

கர்னூலிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த சென்னகேசவுலுவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, அந்தப் புரதமே இல்லாத செல்லுல ஒரு தடவை போட்டுப் பாத்தீங்களா?"

"எதுக்குப்பா? கோடு ஒண்ணுதானே வருது?"

"ஒண்ணுதான். ஆனா அது யாரோட கோடு?"

"நேத்து வந்துட்டு எனக்கே பாடம் எடுக்கிறியா? போ, போய் உன் கோடுங்களையெல்லாம் எண்ணிக்கிட்டு இரு!"

அவன் விடவில்லை. புனேயிலிருந்த நண்பனிடம் சொல்லி, அந்தப் புரதத்துக்கான மரபணுவையே வெட்டி நீக்கிய எலிச் செல்களை வரவழைத்தான். அக்காவும் அவன் வாயை அடைக்கவே சம்மதித்தார்.

படம் திரையில் விழுந்தபோது நாங்கள் எல்லோரும் பின்னால் நின்றோம். வெறுமையாக இருக்கவேண்டிய இடத்தில் அதே கோடு, முன்னைவிடக் கொழுகொழுவென்று.

கேசவுலுவே பதறிப்போனான். "செல்லு மாறி வந்திருக்கும் அக்கா."

"செல்லு மேல பழி போடாதடா," என்றார் அக்கா. மறுபடி செய்தார். மறுபடியும் வந்தது. இத்தனை காலம் அந்த ஆன்டிபாடி வேறு ஏதோ புரதத்தைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. அன்று அக்கா சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவரே எழுந்தார். "ஆள் மாத்திக் கல்யாணம் பண்ணி வெச்சிருக்கேன். இதைப் பத்திப் பேச இருந்த மாநாட்டுக்கு நான் வரல. அங்கே காட்ட அனுப்பின அந்தப் படத்தையெல்லாம் எடுத்துடுங்க."

இனி அடங்கிவிடுவார் என்று நினைத்தோம். எங்கள் நினைப்பில் மண். அந்தச் செல்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் மேசையாக வர ஆரம்பித்தார். "உன்னோட குப்பியைக் குடு, பாப்போம்." என்னுடையது முதல் நாளே மாட்டியது. கேசவுலுவோ தன்னுடையதை ஐஸ் டப்பாவுக்கு அடியில் ஒளித்துவைத்துப் பார்த்தான். தப்பவில்லை.

பல குப்பிகள் தோற்றபின், மழைக்கால முடிவில் ஒன்று தேறியது. அந்தச் செல்களில் அது வாய் திறக்கவே இல்லை; புரதம் இருக்கிற செல்களில் மட்டும் ஏதோ ஒரு கீறல்.

"தெரியுதா?" அக்கா தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"எங்கேக்கா?"

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருடா, கேசவுலு!"

அவன் குனிந்து, சாய்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "இருக்குக்கா. இளைச்சுப் போயிருக்கு."

"இருக்கட்டும்," என்றார் அக்கா. "நம்ம ஆளுதான்."