பூஜையில் வைத்த டச்சு அகராதி

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன்; அதோடு எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது, முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன். நாலு பேர் நடுவில் நின்று பேசு என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் எழுதுகிறேன். ரங்கூனில் தாமுவே பக்கம் எங்கள் கோயில் மண்டபத்தில் ஒரு வாசகசாலை இருக்கிறது. அதைக் கூட்டித் துடைப்பவள் நான். எனக்குப் படிக்கத் தெரியாத இரண்டு மொழிகளைத் தினமும் காலையில் துணியால் துடைக்கிறேன். ஒன்று இங்கிலீஷ், இன்னொன்று டச்சு.

அலோன் துறைமுகத்தில் டச்சுக்காரர்களின் கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த ஒரு தமிழருடைய புத்தகங்கள் அவை. அவர் குடும்பம் கப்பலேறி இந்தியாவுக்குப் போனபோது மண்டபத்தில் விட்டுப்போனது. இங்கிலீஷ் கலைக்களஞ்சியம் ஒரு வரிசை, தலையணை கனத்தில் ஓர் இங்கிலீஷ் அகராதி, டச்சுச் சொல்லுக்கு இங்கிலீஷில் பொருள் சொல்லும் அகராதி ஒன்று. கண்ணாடி அலமாரியில் வைத்து, 'பார்வை நூல்கள், வெளியே கொடுக்கப்படாது' என்று எழுதி ஒட்டிப் பூட்டிவிட்டார்கள். தூசி தட்ட வேண்டுமே என்று சாவி என்னிடம். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, எல்லாவற்றையும் இறக்கிக் காயவைத்தேன். திரும்ப அடுக்கும்போது வரிசை மாறிவிட்டது என்று நல்ல திட்டு. அன்றிலிருந்து புத்தக முதுகில் இருந்த ஏ, பி, சி எழுத்துக்களை உருவத்தால் மனப்பாடம் செய்தேன். பிறகொரு நாள் புத்தகத்துக்கு உள்ளேயும் சொற்கள் அதே வரிசையில்தான் நிற்கின்றன என்று கண்டுகொண்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் எந்தச் சொல்லைக் காட்டினாலும் அது குடியிருக்கும் பக்கத்துக்குப் போய்விடுவேன்.

என் பெரியப்பா மகன் அதே காலத்தில் கப்பலேறிப் போனவர். அப்பா போகவில்லை, அதனால் நானும் இங்கேயே. அண்ணன் போனில் பேசும்போது, "இங்க எல்லாம் போன்லயே பாத்துக்கறாங்க முத்தம்மா, அகராதியை யாரு பொரட்டுறா" என்று சிரிப்பார். தமிழ்நாட்டில், உங்கள் ஊரில் அப்படி இருக்கலாம். இங்கே கரண்டு தன் இஷ்டத்துக்கு வரும், போகும். சிக்னலும் அப்படித்தான். காகிதம் எங்கேயும் போகாது.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார், அங்கே சரஸ்வதி பூஜைக்கு இப்போதெல்லாம் நாலைந்து புத்தகம் வைத்துப் பொட்டு வைப்பதோடு சரி என்று. நீங்கள் அங்கே தளர்த்திவிட்டதைக்கூட நாங்கள் இங்கே இறுகப் பிடித்திருக்கிறோம். அலமாரிப் புத்தகம் அத்தனையும் இறங்கும். சந்தனம், குங்குமம், மேலே வெள்ளைப் பட்டு. மறுநாள் விஜயதசமி வரை விரலால் தொடக்கூடாது. மற்ற நாளிலும் தொடுபவர் கிடையாது என்பது வேறு விஷயம்.

போன சரஸ்வதி பூஜையன்று மத்தியானம் எங்கள் கட்டிடத்தின் கீழ்வீட்டு ரோசம்மா என் கதவைத் தட்டினாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், இங்கிலீஷ் வாசிப்பாள். முடக்குவாதத்தில் கைவிரல்கள் மடங்கிப்போய், ஒரு தாளைக்கூடப் புரட்ட முடியாது. அவள் மகன் கப்பலில் வேலை செய்கிறான். டச்சு தேசத்துத் துறைமுகம் ஒன்றில் அம்மாவின் மருந்துச் சீட்டுகளை டாக்டரிடம் காட்டி, புது மாத்திரை வாங்கி ஆள் மூலம் அனுப்பியிருந்தான். பெட்டி முழுக்க டச்சு. மகனைக் கேட்கலாம் என்றால் காலையிலிருந்து சிக்னல் இல்லை. டாக்டர் ஊரில் இல்லை. முதல் நாள் மருந்துக்கடையில் காட்டியபோது, அங்கிருந்த பர்மியப் பெண் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதில் 'ஒன்று' என்ற எண்ணைக் கண்டுபிடித்து, "தனே தலோன்" என்றாளாம். தினம் ஒன்று. அப்படியே ஒன்றைப் போட்ட ரோசம்மாவுக்கு ராத்திரி முழுக்க நெஞ்சு படபடப்பு, தூக்கம் இல்லை. அடுத்தது அன்று சாயங்காலம் போட வேண்டும்.

"அந்த ஒண்ணுக்குப் பின்னால நாலு வார்த்தை இருக்கு முத்து. அது சும்மா இருக்காது. உங்க அலமாரியில டச்சு புத்தகம் ஒண்ணு இருக்குல்ல?"

இருவரும் மண்டபத்துக்குப் போனோம். சரஸ்வதி படத்துக்கு முன்னால் கோயில் கமிட்டிச் செயலாளர் தங்கராசு அண்ணன் விசிறியோடு உட்கார்ந்திருந்தார். நான் பட்டுத்துணி ஓரத்தைத் தூக்கினேன்.

"என்ன பண்றே நீ?"

"டச்சு புத்தகம் வேணும்ண்ணே. அடியில இருக்கு."

"இன்னிக்கா? தொடக்கூடாதுன்னு பச்சப் புள்ளைக்கும் தெரியும். நாளைக்கு எடுத்துக்க."

"மாத்திரை இன்னிக்கு."

"அப்ப இன்னிக்குப் போடாம இருக்கட்டும்."

ரோசம்மா சொன்னாள்: "இந்த மருந்தை நம்ம இஷ்டத்துக்கு நிறுத்தினா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. போடவும் பயம், விடவும் பயம். வேணும்னா நீங்க ஒண்ணு போட்டுப் பாத்துச் சொல்லுங்க தங்கராசு."

"உங்களுக்கு எங்க பூஜை புரியாது ரோசம்மாக்கா. ஆனா இவளுக்குமா? நாலாங்கிளாஸுக்கு டச்சு என்னத்துக்கு? அதெல்லாம் படிச்சவங்க பாக்குற புத்தகம்."

அத்தனை வருஷமும் அவர் பேசினால் நான் தரையைத்தான் பார்ப்பேன். அன்றும் தரையைத்தான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அடியிலிருந்த புத்தகத்தை இழுத்தேன். மேலே இருந்த மூன்று சரிந்தன. அவர் எழுந்து நின்றார், ஆனால் பூஜைப் புத்தகத்தை எப்படித் தொட்டுப் பிடுங்குவார்?

கடைசிச் சொல்லில் தொடங்கினேன். டி, ஏ, ஜி. பக்கத்தைப் பிடித்ததும் ரோசம்மா பூதக்கண்ணாடியோடு குனிந்தாள். "நாள்" என்றாள். அதற்கு முந்தைய சொல்லுக்கு "வேற" என்றாள். வேறு நாள். எந்த வேறு நாள்?

"பாத்தீங்களா, சரஸ்வதி சொல்ல மாட்டேன்னுட்டா" என்று தங்கராசு அண்ணன் சிரித்தார்.

அந்தப் புத்தகங்களைத் துடைத்துத் துடைத்து எனக்கு ஒன்று தெரியும். ஒரு சொல்லுக்குக் கீழே, அது கூட்டாளிகளோடு சேர்ந்து வரும் இடங்களையும் பொடி எழுத்தில் அடுக்கியிருப்பார்கள். பெட்டியை ஒரு கையில் பிடித்து, மறு கையின் விரலை அந்தப் பொடி எழுத்தில் ஓட்டினேன். விரலில் இருந்த சந்தனமும் கூடவே ஓடியது. ஆறாவது வரியோ ஏழாவது வரியோ, பெட்டியில் இருந்த அதே நாலு சொற்கள் அதே வரிசையில் நின்றன. ரோசம்மா அதன் பக்கத்தில் இருந்த இங்கிலீஷை இரண்டு தடவை வாசித்தாள்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்" என்றாள். நேற்றுப் போட்டாகிவிட்டது, இன்று கிடையாது. சாயங்காலத்துக்கென்று எடுத்து வைத்திருந்த மாத்திரையை என் கையில் கொடுத்து, பெட்டிக்குள் போடச் சொன்னாள். இரண்டு நாள் கழித்து லைன் கிடைத்தபோது மகனும் அதையே சொன்னான், பழைய மாத்திரையைவிட இது வீரியம் அதிகம் என்று.

ஆனால் கமிட்டி கூடியது. பூஜையைக் கெடுத்தேன், புத்தகப் பக்கத்தில் சந்தனம் அப்பினேன் என்று. மன்னிப்புக் கடிதம் எழுதிப் பலகையில் ஒட்ட வேண்டும், சாவியை ஒப்படைக்க வேண்டும். நான் தலையாட்டவில்லை, சாவியையும் கொடுக்கவில்லை. கதைப் புத்தகம் என்றால் முதலிலிருந்து உட்கார்ந்து படிக்க வேண்டும், அதற்குப் படிப்பு வேண்டும். இந்தப் புத்தகங்கள் அப்படியில்லை. தேவையோடு வருகிறவள் எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் நுழையலாம், அவள் எத்தனை வகுப்பு என்று அவை கேட்பதில்லை. கேட்பது கமிட்டிதான். கடிதம் எழுதச் சொன்னார்கள், இதை எழுதியிருக்கிறேன். வேண்டுமானால் பலகையில் ஒட்டிக்கொள்ளட்டும்.

இப்போது அலமாரி தினமும் மத்தியானம் திறந்திருக்கிறது. நான் பக்கத்தைப் பிடிக்கிறேன், ரோசம்மா வாசிக்கிறாள். மிஷின் வாங்கியவர்கள், வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தவர்கள், டாக்டர் சீட்டு வைத்திருப்பவர்கள் என்று ஆட்கள் வருகிறார்கள். எங்கள் இருவருக்குமே மறந்துபோவதால், கண்டுபிடித்ததை ஓரத்தில் பென்சிலால் எழுதிவைக்கிறோம், தமிழில் ஒரு சொல், பர்மியில் ஒரு சொல். பார்வை நூலில் கிறுக்கினேன் என்பது என்மேல் அடுத்த குற்றம்.

போன வாரம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவிலிருந்து படகேறி ஒரு பர்மியப் பெண் வந்தாள், புருஷனின் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு. அதில் ஒரு உறுப்பு வீங்கியிருப்பதாக இங்கிலீஷில் இருந்தது. இடது பக்கம், வயிற்றை ஒட்டி, ரத்தத்தைச் சுத்தம் செய்வது என்று அகராதி சொன்னது. "ஓ, தயெட்யுவெட்" என்றாள் ரோசம்மா. அந்தப் பெண்ணும் தலையாட்டிவிட்டு, எந்த டாக்டரிடம் போக வேண்டும் என்று புரிந்துகொண்டு போனாள். பர்மியில் அந்தச் சொல்லுக்கு மாவிலை என்று அர்த்தம். அது எல்லோருக்கும் உண்டாம். எனக்குள்ளும் இத்தனை வருஷமாக ஒரு மாவிலை இருந்திருக்கிறது, தமிழில் அதன் பெயர் எனக்குத் தெரியவில்லை. ஈரல் என்று எழுதப்போனேன், ஈரல் வலது பக்கம் என்று ரோசம்மா தடுத்துவிட்டாள். பர்மியச் சொல்லை எழுதி, பக்கத்தில் தமிழுக்கு இடம் விட்டிருக்கிறேன். அங்கே இருக்கும் யாராவது சரிபார்த்து எழுதுங்கள். நான் சொன்ன மற்றவற்றில் பிழை இருந்தாலும் திருத்துங்கள். சாவி என்னிடம்தான் இருக்கும்.