தனலெட்சுமியின் இரண்டு லீவர்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் உணவகத்தில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது தனலெட்சுமியின் மகள் கவிதா அழைத்தாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். எங்கே போனாள் என்று கேட்டேன். அந்தப் பிள்ளை அழுத பிறகுதான் எனக்குப் புரிந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

துக்க வீட்டில் வேறொரு பேச்சு காதில் விழுந்தது. "கை முடியாதவ அந்த மோட்டார கட்டிக்கிட்டு அழுதா. அதான் கொண்டு போயிருச்சு" என்று யாரோ சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். செண்டாயான் தொழிற்சாலையில் அவளோடு வேலை செய்த தோழிகளே, இந்தப் பேச்சு உங்கள் காதுக்கும் வந்திருக்கும். பல ஆண்டுகள் அவளுடைய மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் உட்கார்ந்து வேலைக்கு வந்தவள் நான். மோட்டார் அவளைக் கொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தனம் ரெம்பாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் இருந்தாள். தோட்டத்துச் செம்மண் சாலை பெரிய சாலையில் வந்து சேரும் முச்சந்தியில்தான் எங்கள் உணவகம். தொழிற்சாலைப் பேருந்து அந்தப் பக்கம் வருவதில்லை. தினமும் காலையில் அவள் மேட்டிலிருந்து இறங்கி வந்து என்னை ஏற்றிக்கொள்வாள். அவளுடைய மோட்டார், பெரும்பாலான பெண்கள் ஓட்டுவதைப் போன்ற சின்ன வண்டி அல்ல. கையால் கிளட்ச் பிடித்து கியர் மாற்றும் வண்டி. அண்ணன் சிங்கப்பூருக்குப் போனபோது விட்டுச் சென்றது. "ஸ்கூட்டர் வாங்கேன்" என்று ஒருமுறை சொன்னேன். "மழை பேஞ்சா அந்தச் சேத்துல ஸ்கூட்டர் ஏறாது. அதோட எனக்கு இந்த மோட்டார் புடிக்கும்லா. அது போதாதா?" என்றாள். போதும் என்றுதான் எனக்கும் பட்டது.

பிறகு முடக்குவாதம் வந்தது. காலையில் எழுந்ததும் இரண்டு கை விரல்களும் விறைத்துக்கொண்டு மடங்க மறுக்கும். வெந்நீரில் வைத்துத் தேய்த்தாலும் நேரமாகும். கிளட்ச் லீவரை விரல் நுனியால் எட்டிப் பிடிக்க முடியாமல், முச்சந்தியில் என் கண் முன்னாலேயே வண்டி குலுங்கி நின்றுவிடும். மருத்துவர் வேறு வண்டியில் போகச் சொன்னார். மோட்டாரை விற்றுவிட்டு வீட்டோடு இருக்கச் சொன்னாள் கவிதா. தனம் ஹேண்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "என் கை அங்க போவாட்டி, அது என் கைகிட்ட வரட்டும்."

கிளட்சுக்கும் முன் பிரேக்குக்குமாக முதல் ஜோடி லீவர்களை இணையத்தில் பார்த்து வாங்கினாள். தங்க நிறம், குட்டையானவை. எல்லா மோட்டாருக்கும் பொருந்தும் என்று போட்டிருந்ததாம். தானே ஸ்பேனர் எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள். நான் ஏறி, எங்கள் உணவகத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள் ஏதோ கருகும் வாடை அடித்தது. முன் சக்கரம் இறுகி, வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. காலை ஊன்றி நிறுத்திவிட்டாள். இறங்கிப் பார்த்தால் பிரேக் தட்டு கொதித்துக்கொண்டிருந்தது. புது பிரேக் லீவரின் அடிமுனை சற்றுத் தடிப்பு. கையை விட்ட பிறகும் அது பிரேக்கை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. இன்னும் வேகமாகப் போயிருந்தால் இருவரும் சாலையில் கிடந்திருப்போம்.

அவள் பதறவில்லை. சாலையோரத்திலேயே லீவரைக் கழற்றினாள். சக்கரத்தின் இறுக்கம் விட்டது. இருவருமாக வண்டியை உணவகத்துக்குத் தள்ளி வந்தோம். என் தம்பி காரில் கொண்டுபோய் விட்டான். இனி மோட்டார் பேச்சே வராது என்று நினைத்தேன். செண்டாயானில் இறங்கும்போது, "அழகா இருக்குனு வாங்கிட்டேன். லீவர்தான் தப்பு சல்மா, நான் ஓட்டுறது தப்பில்ல" என்றாள்.

அடுத்த விடுமுறையில் சிரம்பானில் குமார் என்பவரின் மோட்டார் கடைக்குக் கிளம்பினோம். பழைய லீவர்களையே மறுபடி மாட்டி, வழியெங்கும் உள்ளங்கையால் கிளட்சை இழுத்து இழுத்துத்தான் ஓட்டினாள். கடை திறக்கும்போதே நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். விரல் சரியான பிறகு மத்தியானமாகப் போனால் என்ன என்று கேட்டேன். "மத்தியானம் போனா என் கை பொய் சொல்லும். காலையில இருக்கிற கைக்குத்தான் லீவர் வேணும்" என்றாள்.

குமார் குட்டை லீவர்களை எடுத்து வைத்தார். "இப்ப எல்லாரும் இதான் போடுறாங்கக்கா. ரெண்டு விரல் போதும்."

தனம் வண்டியில் உட்கார்ந்து அதைப் பிடித்துப் பார்த்தாள். "கிட்ட இருக்கு. ஆனா இழுக்கக் கனமா இருக்கே?"

"குட்டைன்னா கொஞ்சம் கனமாத்தான் இருக்கும்" என்று ஒத்துக்கொண்டார் அவர்.

"அப்ப நீட்டு லீவர் குடுங்க. ஆனா கைகிட்ட கொண்டு வர்ற மாதிரி திருகு இருக்கணும்."

கடையில் டயர் மாற்ற வந்திருந்த ஒருவர் சிரித்தார். "இந்த வயசுல ரேஸாக்கா?"

"ஆமாலா. வேலைக்கு நேரம் அடிக்கிற பஞ்ச் கார்டோட ரேஸ்" என்றாள் தனம். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, போகாமல் நின்று வேடிக்கை பார்த்தார்.

குமார் பொறுமைசாலி. பழைய லீவரையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, துளை, தடிப்பு, பிரேக்கைத் தள்ளும் முனை எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். கிளட்சுக்குப் புதுக் கம்பி போட்டார். தனம் லீவரைக் கைக்கு மிக அருகில் வைக்கச் சொன்னாள். அவர் பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, கியர் போட்டு, கிளட்சை முழுதாகப் பிடிக்கச் சொன்னார். பிடித்தும் சக்கரம் நிற்காமல் ஓடியது. "இவ்ளோ கிட்ட வச்சா கிளட்ச் முழுசா விடாதுக்கா. சிக்னல்ல பாயும்." அவள் யோசித்தாள். திருகை ஒரு படி வெளியே தள்ளிப் பார்த்தார்கள், இன்னும் ஓடியது. கம்பியின் தளர்வைக் கொஞ்சம் குறைத்தார். சக்கரம் நின்றது. அவளுடைய விரலும் எட்டியது, மட்டுமட்டாக.

"இப்ப பிரேக்க பாக்கணும். சுத்து சல்மா" என்றாள். நான் முன் சக்கரத்தைச் சுழற்றினேன். அது உரசாமல் ஓடியது. அவள் இரண்டு விரலால் அமுக்கினாள், சட்டென்று நின்றது. விட்டாள், மறுபடி ஓடியது. போதும் என்று குமார் சொன்ன பிறகும் அவள் விடவில்லை. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி எதிலும் இடிக்கிறதா என்று பார்த்தாள். பிரேக் பிடிக்கும்போது பின் விளக்கு எரிகிறதா என்று என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னாள். எரிந்தது. "இப்ப ஏறு" என்றாள். உண்மையைச் சொன்னால், எனக்குப் பயமாக இருந்தது. ஏறினேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் மழை விட்ட காலை. பெரிய சாலை வளைவில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி பாதையை அடைத்துக்கொண்டு வந்தது. நான் அவளுடைய சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். திறந்தபோது மோட்டார் ஓரத்தில் சாயாமல் நின்றது. லாரி எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அவள் விரல்களை ஒருமுறை விரித்து மூடிப் பார்த்தாள். "நேரமாச்சு" என்றாள். அவ்வளவுதான். கடைசி வெள்ளிக்கிழமை வரைக்கும் அப்படித்தான் என்னை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

மோட்டார் இப்போது கவிதாவிடம் இருக்கிறது. விற்பதில்லை என்று சொல்லிவிட்டாள். எனக்கென்று தனத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவளுடைய துணிச்சலை. அது தானாக வருவதல்ல என்பதும் இப்போதுதான் தெரிகிறது. போன வாரம் ரெம்பாவில் மோட்டார் லைசென்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஒடுக்கமான ஒரு பலகை மேல் விழாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். பாதியில் விழுந்தேன். முழங்கை சிராய்த்தது. பயிற்சி கொடுப்பவர் ஓடி வந்து தூக்கிவிட்டு, "இந்த வயசுல எதுக்குக்கா? கூட்டிட்டுப் போவ ஆள் இல்லியா?" என்று கேட்டார்.

"இருந்தாங்க" என்றேன்.

மோட்டாரை நிமிர்த்தி, பலகையின் தொடக்கத்துக்கு உருட்டிக்கொண்டு போனேன்.