அண்ணனுக்கு விழுந்த குரங்குக் கட்சி

எங்கள் பங்குக் கோயில் திருவிழாவில் தேர் உண்டு, வாணவேடிக்கை உண்டு. எனக்கு மட்டும் திருவிழா என்றால் பட்டிமன்றம்தான். அதில் ஒரு விசித்திர வழக்கம். யார் எந்தக் கட்சியில் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். இஷ்டப்படி விட்டால் வீட்டுச் சண்டை மேடையேறிவிடும் என்று ஃபாதருக்குப் பயம். போன முறை, மருமகளை ஆட்டிப் படைக்கும் ஒரு மாமியாருக்கு மருமகள் கட்சி விழுந்தது. பேசப் பேச அந்தம்மாவே அழுதுவிட்டார்.

இந்த வருஷத் தலைப்பு, உயிர்கள் படைக்கப்பட்டனவா, பரிணமித்தனவா? கேட்டதுமே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மரக்காணத்தில் உயிரியல் டீச்சர் நான். பெயர் கொடுத்துவிட்டேன். என்னோடு பெயர் கொடுத்திருந்த இன்னொருவர் என் சொந்த அண்ணன். உப்பளத்தில் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பவர். கடவுள் ஆறே நாளில் எல்லாவற்றையும் செய்து முடித்தார் என்பதில் அவருக்கு அரை நாள்கூடச் சந்தேகம் கிடையாது.

அப்போது எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணன் மகள் பத்தாவது முடித்திருந்தாள். நர்ஸ் ஆக வேண்டும், அதற்குப் பதினொன்றாவதில் பயாலஜி எடுக்க வேண்டும் என்று அழுதுகொண்டிருந்தாள். அண்ணன் காமர்ஸ்தான் என்று ஒற்றைக் காலில் நின்றார். “மனுஷன் கொரங்குலேர்ந்து வந்தான்னு படிக்கவா பொண்ண பெத்தேன்?” என்று என்னிடமே கேட்டார். நான் என்ன சும்மா இருப்பேனா? பதிலுக்குப் பிடித்து உலுக்கிவிட்டேன். அதோடு போனவர்தான், எங்கள் தெருப்பக்கமே வரவில்லை.

ஃபாதர் காணிக்கைத் தட்டில் சீட்டைக் குலுக்கினார். நான் எடுத்தேன். படைப்பு! அண்ணன் எடுத்தார். பரிணாமம்! கூடியிருந்தவர்கள் விசிலடித்தே கூரையைப் பிய்த்துவிட்டார்கள். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் சிரித்தேன். அப்புறம்தான் என் கையிலிருந்த சீட்டு ஞாபகம் வந்தது.

மறுநாள் சாயங்காலம் வாசலில் பைக் நின்றது. அண்ணன் உள்ளே வராமல் நின்றார்.

“ஏம்மா, அந்தக் கொரங்குப் பாடத்த கொஞ்சம் சொல்லு. மேடையில அசிங்கப்பட முடியாது.”

“சொல்றேண்ணா. நீ அந்த ஆறு நாளு கதைய எனக்கு ஒழுங்கா சொல்லு. நான் கேட்டு வருஷக்கணக்காவுது.”

அன்றிலிருந்து தினமும் வந்தார். ஒரு நாள் உப்பளத்திலிருந்து பாட்டிலில் உப்பு முற்றிச் சிவந்த பாத்தித் தண்ணீரைப் பிடித்து வந்தார். பள்ளியிலிருந்து கொண்டுவந்திருந்த மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டை வைத்துக் காட்டினேன். குனிந்தவர் நிமிரவே இல்லை.

“இன்னாம்மா இது, இத்தன உசிரு ஓடுது! இதுலதான் நான் தெனம் காலு வெச்சு நிக்கறேனா?”

எனக்குப் புல்லரித்துவிட்டது. அண்ணி கொடுத்தனுப்பிய நண்டுக் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

திருவிழாவன்று அண்ணன் மைக்கைப் பிடித்தார். “கொரங்குலேர்ந்து மனுஷன் வந்தான்னு யாரும் சொல்லலீங்க. கொரங்கும் நாமளும் பங்காளிங்க! ஒரே தாத்தா. பாகம் பிரிஞ்சு ரொம்ப நாளாச்சு, இப்ப போக்குவரத்து இல்ல, அவ்ளோதான்!” கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பிறகு உப்பளத்துக்கே கூட்டிப் போனார். “மொத பாத்தியில மீனு துள்ளுது. தண்ணி கெட்டியாக ஆக மீனு செத்துப் போவுது. கடைசிப் பாத்தியில அந்த உப்பத் தாங்குற பூச்சி மட்டும் நிக்குது. தாங்குனது குட்டி போடுது, அந்தக் குட்டியும் தாங்குது. இதத்தான் என் தங்கச்சி பாடமா நடத்துது!” முன்வரிசையில் அவர் மகள் வாயில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

என் முறை. அண்ணன் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் வரிசையாகத்தான் சொன்னேன். முடிக்கும்போது ஏதோ கிளம்பியது. நேற்று வெறும் தண்ணீராக இருந்த பாத்தியில் இன்று விடியும்போது உப்பு வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்தால் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும்போல இருக்கிறது, யாருமே இல்லை என்றால் இந்த நன்றியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

தீர்ப்பு அண்ணனுக்குத்தான். ஜெயித்தவர் திருட்டு முழி முழித்தார். நானோ தோற்றுப்போய்த் தலைகால் புரியாமல் குதித்தேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு மகளோடு வந்தார். விண்ணப்பத்தை என் மேஜையில் விரித்தார். பயாலஜி என்று அவளே எழுதியிருந்தாள். அண்ணன் பேனாவைத் திறந்தார், கையெழுத்துப் போடவில்லை.

“நீ மேடையில சொன்னது நெசமா?”

“நீ சொன்னது நெசமாண்ணா?”

பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். “ஆறு நாளுன்றதுல மாத்தமில்ல. ஆனா அந்தச் செகப்புப் பூச்சி கண்ண விட்டுப் போவ மாட்டேங்குதும்மா. நீ சொல்லு.”

“எனக்கு ஆறு நாள் கணக்கு ஒத்து வராதுண்ணா. தொண்ட அடச்சது மட்டும் நெசம்.”

அண்ணன் தலையாட்டினார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மகள், “அப்பா, ஆபீஸ் மூடிடுவாங்க!” என்று கத்தினாள். கையெழுத்து விழுந்தது. மை காய்வதற்குள் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.