விபூதி போட்டுத் தேய்த்த வெள்ளிக்காசு

போன மாதம் ஒரு ரோமானியத் தேவதையின் முகத்தைத் தேய்த்துவிட்டேன். தேய்த்ததைக்கூட மன்னிக்கலாம். அப்புறம் நான் சொன்ன பொய் இருக்கிறதே...

என் தோழி இந்திராணி இங்கே மலேசியாவில், செனாயில் ஒரு பள்ளியில் சரித்திரம் கற்பிக்கிறாள். இதய ஆபரேஷனுக்காக ஜோகூர் பாரு ஆஸ்பத்திரியில் சேரும் முன், ஒரு பழைய ரோமானிய வெள்ளிக்காசை என்னிடம் கொடுத்தாள்.

"இருக்கிற மாதிரியே வெச்சிருடி. இவ பேரு ஃபிடெஸ்."

ஒரு பக்கம் பேரரசர். மறுபக்கம் கையில் தானியக் கதிரோடு நிற்கும் பெண். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்கான தேவதையாம்!

நீதி, பொறுமை, கருணை என்று ஒவ்வொரு குணத்தையும் ஒரு பெண்ணாக்கிக் காசில் அடித்திருக்கிறார்கள் அந்த மக்கள். எதற்கு? குணம் நிறைய இருந்ததாலா, இல்லாததாலா? எனக்குச் சந்தேகம்தான்.

வெள்ளிக்கிழமை காலை, சாமி அறையில் வெள்ளி விளக்குகளை விபூதி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஃபிடெஸ் கறுத்துப்போய்க் கிடந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. அவளையும் நாலு தேய் தேய்த்தேன். பளபள!

சாயங்காலம் வார்டிலிருந்து வீடியோ கால்.

"என் ஃபிடெஸ் எப்படி இருக்கா? அந்தக் கறுப்பு தானா ஏறுறதுக்கு எத்தனை நூறு வருஷம் ஆச்சோ! அதுதாண்டி அவ அழகே."

அலமாக், தொலைந்தேன்!

"நீ கொடுத்த மாதிரியே இருக்கா லா" என்றேன்.

திங்கட்கிழமை ஆபரேஷன். அவள் திரும்பி வராவிட்டால்? நான் அவளிடம் கடைசியாகச் சொன்னது பொய்யாக அல்லவா இருக்கும்? பயந்துபோனேன்.

ஞாயிறு காலை காசோடு போய் அவள் கட்டிலருகே நின்றேன். சொன்னேன். அழுதேன்.

அவள் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"விபூதியா போட்டே? அறிவிருக்கா உனக்கு?"

கோபம்தான். நியாயமான கோபம். காசை என் கையிலேயே திரும்பத் திணித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிளம்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

பிறகு தலையணைக்கு அடியிலிருந்து ஒட்டிய கவர் ஒன்றை எடுத்தாள்.

"என் மகளுக்கு எழுதினது. யார்கிட்ட கொடுக்கிறதுன்னு ரெண்டு நாளா யோசிச்சிட்டிருந்தேன். நான் வரலேன்னா அவகிட்ட கொடுத்திரு. பிரிக்காதே. விபூதி போட்டுத் தேய்க்கவும் தேய்க்காதே!"

சிரிக்கத்தான் பார்த்தோம். இருவருக்கும் முடியவில்லை.

கடவுள் புண்ணியத்தில் இந்திராணி பிழைத்துவிட்டாள். இப்போது வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டே என்னைத் திட்டுகிறாள். வந்த மறுநாளே காசைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கவரை மட்டும் இன்னும் கேட்கவில்லை.